கோடு தாண்டிய வாடை

கொலோம்பா வீட்டு மாடி ஜன்னலில் பதினோரு ஆணிகள் இருந்தன. பன்னிரண்டு வருடமாக இருந்தன. நான் எண்ணியிருக்கிறேன். எதிர் வீட்டு மாடியில் உட்கார்ந்து திராட்சை கிள்ளுகிறவளுக்குக் கண் போகிற இடம் வேறு ஏது? கை வேலை செய்யும், வாய் பேசும், கண் மட்டும் சும்மா இருக்கும். அது நேரே போய், மூடிய கதவுப் பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும் அந்த ஆணி முனைகளில் உட்கார்ந்துகொள்ளும்.

எதிர் வீடு ஜெரோலமோவினுடையது, வருடா வருடம் அங்கே பழ வேலைக்குப் போகிறவள் நான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வறட்டோடை. ஓடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளைகளே. மேலே கல் பாவிச் சந்தாக்கிவிட்டார்கள். மழைக்காலத்தில் மட்டும் அடியில் தண்ணீர் முனகும். இந்த ஜன்னலிலிருந்து துடைப்பத்தை நீட்டினால் அந்த ஜன்னலில் நிற்கிறவள் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் தூரம். ஜெரோலமோவின் மனைவி நீவெஸும் கொலோம்பாவும் ஒரு காலத்தில் அப்படித்தான் துடைப்பக் கட்டையில் கூடையை மாட்டி உப்பும் துளசியும் கைமாற்றிக்கொண்டார்கள். நீவெஸின் மகளுக்கு ஞானத்தாயாக நின்றவள் கொலோம்பா. அப்படி நின்றவளைப் பிள்ளை பெற்றவள் 'கொமாரே' என்று கூப்பிடுவாள். அவளும் திருப்பி 'கொமாரே' என்பாள். கூடப் பிறந்தவளுக்கும் ஒரு படி மேலான உறவு அது. சட்டி இரவல் கேட்டாலும் அந்தச் சொல்லை முன்னால் வைத்துத்தான் கேட்பார்கள்.

ஆனால் அந்த ஓடைதான் கோடு. எங்கள் ஒயினுக்கு ஊர்ப் பெயரே பெயர்: கொர்னெத்தா. அந்தப் பெயரைப் புட்டியில் ஒட்ட வேண்டுமானால் விதிப்புத்தகம் சொல்கிறபடி நடக்க வேண்டும். ஓடைக்குத் தெற்கே, கடலைப் பார்த்த அடுக்குத் தோட்டங்களில் விளைந்த பழமாக இருக்க வேண்டும். கோட்டுக்கு உள்ளேயே நாணல் தட்டிகளில் பரப்பி வற்ற விட வேண்டும். தீ மூட்டக் கூடாது, விசிறி ஓட்டக் கூடாது. நிழலும் காற்றும் மட்டுமே. நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாள், விடிவதற்கு முன் ஒரு பழத்தைக்கூட நசுக்கக் கூடாது. அதன் பிறகு சாற்றின் இனிப்பைக் காட்டும் அளவுக் குழல், ருசி பார்க்கும் குழு, முத்திரை.

ஜெரோலமோவுக்கு இதெல்லாம் ஜெபமாலை போல மனப்பாடம். ஊரில் கேலி பண்ணுவார்கள்.

"ஏ ஜெரோலமோ, பொண்டாட்டிக்கு முத்தம் குடுக்கிறது எத்தனையாவது விதி?"

"கோட்டுக்கு உள்ள குடுத்தா எல்லாம் சரிதான்" என்பார் அவர், சிரிக்காமல்.

நான் அந்த விதிகளைக் குறை சொல்ல மாட்டேன். நானூறு படி ஏறிக் கூடையைத் தோளில் சுமந்து வருகிற பழம் அது. மதில் சரிந்தால் ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி, சுண்ணாம்பு இல்லாமல், ஒன்றின் வயிற்றில் இன்னொன்றைப் பொருத்தி மறுபடி எழுப்புகிறார்கள். இவ்வளவு பாடுபட்டுவிட்டுக் கடைசி ஒரு வாரம் பொறுக்க மாட்டேன் என்றால் பட்ட பாட்டுக்கே மரியாதை இல்லை. எங்கள் விதிகள் பொறுமையை எழுதி வைத்தவைதான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் குழு ஜெரோலமோவின் ஒயினைத் திருப்பி அனுப்பியது. காகிதத்தில் இரண்டே சொல்: 'வேற்று வாசனை'. அவர் மாடிக்கு ஓடி, ஜன்னலில் நின்று, எதிர் வீட்டைப் பார்த்து ஊர் கேட்கக் கத்தினார். நெத்திலி பொரிக்கிறதில் கொலோம்பாவை மிஞ்ச இந்தக் கரையில் ஆள் இல்லை. அவளுடைய எண்ணெய்ப் புகைதான் ஜன்னல் வழியாக வந்து பழத்தில் ஏறிவிட்டது என்று கத்தினார். அவள் சுத்தியலை எடுத்து வந்தாள்.

அந்த ஜன்னல் அடைபட்டதில் ஒரு சங்கடம் இருந்தது. எங்களுக்கு மலையிலிருந்து இறங்குகிற வாடைதான் நல்ல காற்று. உலர்ந்த காற்று, வெட்டுகிற மாதிரி வரும். கொலோம்பா வீடு வடக்கே கேடயம் மாதிரி நிற்கிறது. அவளுடைய மாடி அறையில் வடக்கு ஜன்னலும் தெற்கு ஜன்னலும் திறந்திருந்தால் வாடை ஒரு வீட்டைக் கடந்து மறு வீட்டுக்குள் நுழைந்து தட்டிகளுக்கு நடுவே நடந்து போகும். ஜெரோலமோவின் அப்பா உலர்த்துகிற அறையை அங்கே வைத்ததே அதற்காகத்தான். ஆணி அடித்த பிறகு மேற்கு ஜன்னலை வைத்துச் சமாளித்தார்கள். அக்டோபர் மாதங்கள் வறண்டே இருந்ததால் ஒப்பேறியது.

நான் சொல்ல வந்த வருடம் அப்படி இல்லை. அதற்கு முந்தின வருடம் காட்டுப்பன்றிகள் இறங்கித் தின்றுவிட்டன. அதற்கும் முந்தின வருடம் ஆலங்கட்டி. இரண்டு வருடமாக அந்த வீட்டிலிருந்து கொர்னெத்தா இல்லை. மூன்றாம் வருடமும் இல்லையென்றால் தோட்டத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதுவும் விதிதான். ஜெரோலமோவுக்கு அறுபத்தெட்டு வயது. எடுத்த பெயரை மறுபடி சேர்க்கப் புதுக்கொடி நட்டுக் காத்திருக்க வேண்டும். அவருக்கு அந்தக் காலம் கிடைக்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

அறுவடை நன்றாக இருந்தது. பழம் பொன்னாக வந்தது. தட்டிகளில் பரப்பினோம். ஒரு மாதம் அழகாக வற்றியது. தோல் சுருங்கி, கிழவியின் கன்னம் மாதிரி ஆகி, உள்ளே தேன் கட்டியது. அக்டோபர் பதினெட்டாம் தேதி கொண்டல் புகுந்தது. கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று. சுவர் வியர்த்தது. உப்பு ஜாடிக்குள் உப்பு கட்டியானது. காயப்போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. ஐந்தாம் நாள் நீவெஸ் ஒரு குலையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். காம்புக்கு அடியில் சாம்பல் நிறத்தில் பூசணம்.

அன்றிலிருந்து நானும் அவளும் விடிந்ததும் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிறவரை எழுந்திருக்கவில்லை. குலை குலையாக எடுத்து, நுனிக் கத்திரியால் கெட்ட பழத்தை மட்டும் வெட்டிப் போடுவோம். ஒரு தட்டியை முடித்து அடுத்ததற்குப் போகும்போது முடித்தது மறுபடி ஆரம்பித்திருக்கும்.

ஜெனோவாவிலிருந்து மகள் லூச்சில்லா போன் பண்ணினாள். "அப்பா, ஒரு விசிறி வச்சா என்ன? யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றார் ஜெரோலமோ.

"பேர் போயிடும்ப்பா!"

"விசிறி வச்ச அன்னைக்கே பேர் போயாச்சு. அப்புறம் ஒட்டுறது வெறும் காகிதம்." போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "இன்னைக்கே பிழிஞ்சிடலாமா? பேர் இல்லாம ஏதோ ஒரு இனிப்பு ஒயின்னு வச்சுக்கலாம். பழமாவது மிஞ்சும்."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. நீவெஸ் கத்திரியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். என்னைப் பார்த்து, "குடையை எடு, என்கூட வா" என்றாள்.

இரண்டு வீட்டு வாசலுக்கும் சந்தைச் சுற்றிப் போனால் நாற்பது அடி. நீவெஸ் அதை நடக்கப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

கதவைத் திறந்த கொலோம்பா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "சொல்லுங்க, சிஞ்ஞோரா."

எங்களூரில் பக்கத்து வீட்டுக்காரியை 'சிஞ்ஞோரா', 'நீங்க' என்று அந்நியளைப் போலக் கூப்பிட்டால் அது மரியாதை இல்லை, அடி.

"உள்ள வரலாமா?"

"மழையில நிக்கிறவங்கள வேண்டாம்னு சொல்ல முடியுமா? காலைத் துடைச்சுக்குங்க."

சமையலறையில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நானே உட்கார்ந்தேன். எனக்கு முழங்கால் வலி. நீவெஸ் நின்றாள்.

"ஜன்னலைத் திறக்கணும்."

"எந்த ஜன்னலை? என் வீட்ல ஆறு இருக்கு."

"ஆணி அடிச்சதை."

"ஓ, அதுவா." ஒரு பீன்ஸைப் பிளந்தாள். "அதைத் திறந்தா என் எண்ணெய்ப் புகை உங்க மாடிக்கு வருமே, சிஞ்ஞோரா. 'நாத்தச் சட்டிய ஓடையில கொண்டு போடு'ன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரு. நான் இன்னும் போடல. அந்தா தொங்குது பாருங்க."

நீவெஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு, கேட்காமலே உட்கார்ந்தாள்.

"அது எண்ணெய் இல்ல. சுருட்டு."

கொலோம்பாவின் கை நின்றது.

"அந்த வருஷம் மழைன்னு வெளிய போகாம, தட்டிக்கு நடுவுல நின்னே ஜெரோலமோ சுருட்டுப் பிடிச்சான். நான் பார்த்தேன். காகிதம் வந்தப்பவே எனக்குத் தெரியும். சொல்லல."

"பன்னெண்டு வருஷமா?"

"முதல் நாளே சொல்லியிருக்கணும். ரெண்டாம் நாள் வெக்கமா இருந்துச்சு. அப்புறம் அந்த வெக்கம் வளந்துக்கிட்டே போச்சு. உன்னைக் கூப்பிடாம எம்பொண்ணு கல்யாணத்தை நடத்தினேன். கோயில்ல அவ திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தா."

"எனக்குத் தெரியும்" என்றாள் கொலோம்பா.

"சுருட்டுன்னா?"

"சுருட்டு தெரியாது. எண்ணெய் இல்லன்னு தெரியும்." பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். "அந்த வருஷம் செப்டம்பர்ல என் புருஷன் எத்தோரே செத்தான். அக்டோபர் முழுக்க நான் அடுப்பே பத்த வைக்கல. யாருக்கு நெத்திலி பொரிக்க? ரொட்டியும் வெங்காயமும் தின்னேன். ஒரு மாசம் என் வீட்டுப் புகைக்கூண்டுல புகை வரல. எதிர் வீட்ல ஒருத்தர் கண்ணுலயும் அது படல. அதுக்குத்தான் ஆணி. நாத்தம்னு சொன்னதுக்கு இல்ல."

மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. நானும் அதே சந்தில் குடியிருந்தவள்தான். என் கண்ணிலும் படவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

நீவெஸ் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துப் பீன்ஸ் உரிக்க ஆரம்பித்தாள். இரண்டு பேரும் உரித்தார்கள். கடைசி நெற்று முடிந்ததும் கொலோம்பா எழுந்தாள்.

"அடிச்சது நான். பிடுங்குறதுக்கு அவன் வரட்டும்."

'அவர்' போய் 'அவன்' வந்துவிட்டது. பாதி ஆணி அப்போதே கழன்ற மாதிரி எனக்கு இருந்தது.

ஜெரோலமோவிடம் நீவெஸ் தட்டிகளுக்கு நடுவில் நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் சிவந்தார்.

"எதுக்குப் போய்ச் சொன்ன?"

"இத்தனை வருஷம் ஏன் சொல்லலன்னு கேளு."

"சுருட்டு வாசனை அவ்வளவு ஏறாது..."

"உலர்த்துற அறையில புகை கூடாதுன்னு எத்தனையாவது விதி?"

"ஏழு" என்றார் உடனே. சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது. சட்டைப் பையிலிருந்த பாதிச் சுருட்டை எடுத்துப் பார்த்து, திரும்பப் பையிலேயே வைத்தார். எத்தோரே செத்த மாதத்தை அவள் சொன்னதும் குறட்டைத் தேடிக்கொண்டு கீழே போனார்.

ஆணிகள் உள்பக்கமிருந்து அடித்தவை. கொலோம்பாவின் படுக்கையறையில் நின்றுதான் பிடுங்க வேண்டும். அவள் ஒரு கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள், நான் அறை வாசலில். துரு ஏறியிருந்தது. முதல் ஆணியின் தலையே முறிந்தது.

"நல்லாத்தான் இறக்கியிருக்க."

"கோபத்துல அடிச்சா நேரா இறங்கும். நீயும் ஒரு நாள் அடிச்சுப் பாரு."

கிண்ணத்தில் ஒவ்வொன்றாக விழுந்தது. ஏழாவதில் குறடு நின்றது. அவர் திரும்பாமலே பேசினார்.

"அது எத்தோரே செத்த மறுமாசம்னு எனக்குத் தோணவே இல்ல, கொலோம்பா."

"தோணியிருக்கணும். சவப்பெட்டிக்கு முன்னால தோள் குடுத்தவன் நீ."

"ஆமா."

"கல்லறை வரைக்கும் நானூறு படி."

"ஆமா. எறக்கி வச்சுட்டு மறந்துட்டேன். தப்பு."

எட்டாவது ஆணி கொஞ்சம் சுலபமாக வந்தது. பதினொன்றும் வந்த பிறகு இரண்டு கதவையும் தோளால் தள்ளினார். எதிரில் எங்கள் தட்டிகள், அதற்கு அப்பால் நீவெஸ், வாயில் இடுப்புத் துணியைப் பொத்தியபடி.

ஆனால் காற்று வர வேண்டுமே! அன்று முழுவதும் கொண்டலே அடித்தது. மறுநாள் மத்தியானம் மழை விட்டது. மலை உச்சி கத்தியால் செதுக்கினாற்போலத் தெரிந்தது. நான் பழம் வெட்டிக்கொண்டிருந்தேன். என் பிடரி சில்லென்றது. கிள்ளிப் போட்டிருந்த உலர்ந்த காம்பு ஒன்று தரையில் உருண்டு தெற்குச் சுவர்வரை போனது. நாங்கள் மூன்று பேரும் அந்தக் காம்பையே பார்த்தோம். வாடை இறங்கிவிட்டது.

அந்த ஆறு நாளைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும், செல்லங்களா. பழத்துக்கு நல்ல நாட்கள். கொலோம்பாவுக்கு? இரண்டு ஜன்னலும் இரவும் பகலும் திறந்தே கிடந்தன. கட்டில் காற்றை மறிக்கிறது என்று அதைத் தள்ளிவிட்டுச் சமையலறைப் பெஞ்சில் படுத்தாள். வீட்டுக்குள்ளேயே எத்தோரேயின் கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தாள். அடுப்பு பற்ற வைக்கவில்லை. யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? அவளாகத்தான் வைக்கவில்லை. புகை பழத்தில் ஏறும் என்று பழி கேட்டவள், புகையே இல்லாமல் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றாள்.

இந்த முறை நீவெஸ் புகைக்கூண்டைப் பார்த்தாள். முதல் நாளே பார்த்தாள். ஜெரோலமோ வீட்டு அடுப்பு தெற்கு மூலையில் இருக்கிறது. அதன் புகை கடல் பக்கம் போய்விடும். கொண்டைக்கடலை சூப் காய்ச்சி, தூக்குச்சட்டியில் ஊற்றி, துடைப்பக் கட்டையில் மாட்டி ஜன்னல் வழியாக நீட்டினாள். மறு பக்கம் கோட்டுப் போட்ட கை ஒன்று வந்து வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து குரல் வந்தது.

"கொமாரே, உப்பு பத்தல!"

நீவெஸ் துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு உப்பு ஜாடியையே கட்டையில் மாட்டி அனுப்பினாள்.

நாலாம் நாள், விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கிற பரிசோதகர் வந்தார். ஃபெர்ராண்டோ என்று பெயர், படித்தவர் என்பதால் 'தொத்தோரே' என்போம். நல்ல மனுஷன், ஆனால் மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் எல்லாவற்றையும் பார்க்கிறவர். மாடிக்கு வந்ததும் அவர் தொப்பி பறந்தது.

"விசிறி எங்க வச்சிருக்கீங்க?"

"தேடிப் பாருங்க, தொத்தோரே" என்றார் ஜெரோலமோ.

அவர் நிஜமாகவே குனிந்து தட்டிகளுக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து காற்று வருகிற பக்கம் திரும்பினார். அங்கே, ஆம்பிளைக் கோட்டும் கம்பளிக் குல்லாயுமாக கொலோம்பா முக்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அது யாரு?"

"அதுதான் விசிறி" என்றேன் நான்.

"கரண்ட் வேண்டாம்" என்றாள் அவள் அங்கிருந்தே. மூக்கு அடைத்துக் குரல் கரகரத்திருந்தது. "பீன்ஸ் போட்டா போதும், ஓடும்."

ஃபெர்ராண்டோ சிரிக்கவில்லை. பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். "உலர்த்துறது கோட்டுக்கு உள்ள நடக்கணும். அந்த வீடு வெளிய இருக்கு."

"பழம் எங்க இருக்கு?"

"இங்க."

"ஒரு பழமாவது ஓடையைத் தாண்டிச்சா?"

"காத்து தாண்டி வருதே, ஜெரோலமோ."

"காத்து எந்தப் பக்கத்துல விளையணும்னு எந்த விதி சொல்லுது? நாப்பது வருஷமா படிக்கிறேன், என் கண்ணுல படல. உங்க கண்ணுல பட்டா காட்டுங்க, இப்பவே தட்டியைக் கவுத்துடறேன்."

ஜெரோலமோ ஒரு தட்டியின் ஓரத்தைப் பிடித்தார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, காட்டியிருந்தால் கவிழ்த்திருப்பார். ஃபெர்ராண்டோ பக்கங்களைப் புரட்டினார். வாடையும் கூடவே புரட்டியது. கடைசியில் புத்தகத்தை மூடி, படிவத்தை எடுத்து, 'காற்று' என்கிற வரிக்கு எதிரே 'இயற்கை' என்று எழுதினார். போகும்போது எதிர் ஜன்னலைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "உடம்பைப் பார்த்துக்குங்க, சிஞ்ஞோரா."

"வெளிநாட்டுக்காரி உடம்பு, உங்க கணக்குல வராது" என்றாள் கொலோம்பா.

சகல புனிதர் திருநாள் அன்று காலைப் பூசை முடிந்து வந்து ஆரம்பித்தோம். பழத்தை ஒவ்வொன்றாகக் காம்பிலிருந்து உருவி எடுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு பூசணத்துக்குப் போயிருந்தது. மிஞ்சினது, ஆஹா, கையில் ஒட்டினால் விரல் பிரியாது. பிழிந்ததும் சாறு தண்ணீர் மாதிரி ஓடவில்லை, நூலாக இறங்கியது. ஜெரோலமோ அளவுக் குழலை விட்டுப் பார்த்தார், நீவெஸிடம் நீட்டினார், என்னிடம் நீட்டினார். எங்கள் மூன்று பேர் கண்ணும் ஒரே கோட்டைத்தான் பார்த்தது. வேண்டியதற்கும் மேலே நின்றது. பின்னால் குழு அனுப்பிய காகிதத்தில் 'வாசனை: தூய்மை' என்று இருந்தது. தோட்டத்தின் பெயர் பட்டியலில் இன்றும் இருக்கிறது. அந்தப் பதினோரு ஆணியில் முறியாத ஒன்றில்தான் அவர் வீட்டு விதிப்புத்தகம் தொங்குகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சாயங்காலத்தை.

கடைசிக் கூடையைப் பிழிந்து பீப்பாயை மூடினபோது வெயில் சாய்ந்திருந்தது. நாங்கள் மாடியில் வெறும் தட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். எதிர் வீட்டுப் புகைக்கூண்டில் ஆறு நாளுக்குப் பிறகு புகை எழுந்தது. கொஞ்ச நேரத்தில் 'சொய்ங்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று.

"கொமாரே நெத்திலி பொரிக்கிறா" என்றாள் நீவெஸ்.

ஜெரோலமோ ஜன்னலுக்குப் போனார். தலையை வெளியே நீட்டி மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார். காற்று திரும்பியிருந்தது. கடல் பக்கமிருந்து மெதுவாக அடித்து, அவள் வீட்டுப் புகையை மலைப்பக்கம் கொண்டு போனது.

"சத்தம் கேக்குது. வாசனை வரலயே" என்றார்.

"காத்து மாறிடுச்சு."

அவர் அங்கேயே நின்றார். கையிலிருந்த ஈரத்துணியை மடித்துத் தட்டியின் மேல் போட்டார். சட்டைக் கையை இறக்கிப் பொத்தானை மாட்டினார். சுருட்டை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தார்.

"அது வரலன்னா நாமதான் போகணும்" என்று படி இறங்கினார்.